பழைய ஃபார்ம்வெல்லில் ஒன்பது இரவுகள்

வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்குக் காரோடு வந்து நிற்கிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். வேண்டாம், ரயிலில் வருகிறேன் என்றேன். புது ஊரை முதலில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்ப்பது என் பழக்கம். சில்வர் லைன் மெட்ரோ 2022 நவம்பரில்தான் விமான நிலையத்தைத் தாண்டி வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டிக்குள் நீண்டது. டல்லஸிலிருந்து மேற்கே இரண்டே நிறுத்தம். முதலில் லவுடன் கேட்வே, கடைசியில் ஆஷ்பர்ன்.

அக்டோபர் மாதம். மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், வெள்ளையில், கடற்கரை மணல் நிறத்தில் பெரிய பெட்டிகள். நம் ஊர் நெல் கிடங்குகள் பத்தை ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஒரு கட்டடம் ஆகாது. ஜன்னல் கிடையாது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வண்டி நிறுத்துமிடத்தில் பத்துப் பதினைந்து கார்கள். மொட்டை மாடியில் மட்டும் வரிசை வரிசையாக இயந்திரங்கள். லவுடன் கேட்வேயில் கதவு திறந்தபோது ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. அந்த நிலையத்தைச் சுற்றி வீடு கட்ட அனுமதி இல்லாததுதான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். விமானச் சத்தம் அதிகம் விழும் பகுதி என்று கவுண்டி வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மனிதர் தூங்க முடியாத இடம் என்று ஒதுக்கிய நிலத்தில் கணினிகளைக் குடிவைத்தார்கள். அதுவரை சரியான முடிவுதான். கோட்டுக்கு வெளியே நடந்ததைத்தான் அடுத்த ஒன்பது நாளும் பார்த்தேன்.

ஆஷ்பர்னுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஃபார்ம்வெல் என்று பெயர். இன்றும் ஒரு சாலையிலும் ஒரு நடுநிலைப் பள்ளியிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டுப் பண்ணைகளும் சோளக் கொல்லைகளுமாக இருந்த ஊர். 1992-இல் பக்கத்து டைசன்ஸ் பகுதியில் மே-ஈஸ்ட் என்ற இணையச் சந்திப்பு தொடங்கியது. வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகள் கைகோக்க அமைந்த தொடக்ககால இடங்களில் அது ஒன்று. அதைத் தொடர்ந்து இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் டல்லஸ் பக்கம் தலைமையகத்தைக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் டேட்டா சென்டர் நிறுவனமான ஈக்வினிக்ஸ் ஆஷ்பர்னில் கால் வைத்தது. மண்ணுக்கடியில் ஒளியிழை வடங்கள் நிறைந்தன. சமதளமான நிலம், மலிவான மின்சாரம், டேட்டா சென்டர் உபகரணங்களுக்கு மாநிலம் தந்த விற்பனை வரிவிலக்கு, விண்ணப்பம் கொடுத்தால் இழுத்தடிக்காத கவுண்டி அலுவலகம். இவ்வளவும் ஓரிடத்தில் கூடினால் வேறெங்கே போவார்கள்?

இன்று இந்தக் கவுண்டியில் ஏறக்குறைய 200 டேட்டா சென்டர்கள். உலக இணையப் போக்குவரத்தில் 70 விழுக்காடு இந்த ஊர் வழியாகப் போகிறது என்று டாக்சி ஓட்டுநர் முதல் பள்ளிப் பிள்ளை வரை சொல்கிறார்கள். யாரும் அளந்து நிறுவிய எண் அல்ல அது. வர்ஜீனியா சட்டமன்றத்தின் தணிக்கை ஆய்வுக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைத்தான் நான் நம்புகிறேன். உலகின் மொத்த டேட்டா சென்டர் திறனில் 13 விழுக்காடு வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறது என்கிறது அது. மாநிலத்தின் டேட்டா சென்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குடியிருப்புகளை ஒட்டியிருக்கிறது என்றும் சொல்கிறது. எனக்கு முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் பெரியதாகத் தெரிகிறது.

முதல் இரவு, நேர மாற்றத்தால் மூன்று மணிக்கே விழித்துவிட்டேன். குளிர் இதமாக இருந்ததால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். மூன்று வீடு தள்ளி யாரோ கிரைண்டரில் மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். மாவு அரைத்தால் அரைமணியில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. தலையணையில் காதை அழுத்தினால் குறைவதற்குப் பதில் கூடியது. விடிந்ததும் தம்பியிடம் கேட்டேன்.

"ராத்திரி முழுக்க ஏதோ ஓடுதேடா, உனக்குக் கேக்கலையா?"

"எது அக்கா?" என்று ஒரு நிமிடம் காது கொடுத்தான். "ஓ, அதுவா. அது எப்பவும் இருக்கிறதுதான். பழகிப்போச்சு."

அவன் மகளுக்குப் பழகவில்லை. பத்தாம் வகுப்புக்கு இணையான வகுப்பில் படிக்கிறாள். பள்ளி அறிவியல் வேலைக்காக ஒரு மாதம் இந்தச் சத்தத்தை அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கைப்பேசியை ஜன்னலோரம் நீட்டிக் காட்டினாள். 48 டெசிபல் என்றது திரை. அவ்வளவுதானே, பேச்சுக் குரலைவிடக் குறைவுதானே என்றேன்.

"இது தப்பான தராசு, அத்தை" என்றாள்.

பதினைந்து வயதுப் பெண் எனக்கு அன்று சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன். ஊர்களின் ஒலி விதிகள் பெரும்பாலும் 'ஏ-எடை' டெசிபலில் எழுதப்படுகின்றன. மனிதக் காது கனத்த தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகத்தான் உணர்கிறது என்பதால், அந்த அளவுகோல் தாழ்ந்த ஒலிகளைத் தள்ளுபடி செய்து கணக்கெடுக்கும். 125 ஹெர்ட்ஸ் ஒலியில் 16 டெசிபலைக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸ் என்றால் 26 டெசிபல் போய்விடும். ராட்சத விசிறிகளும் குளிரூட்டும் இயந்திரங்களும் எழுப்பும் முனகலில் பெரும்பகுதி அந்த அடிமட்டத்தில்தான் இருக்கிறது. சுவரும் கண்ணாடியும் கீச்சென்ற ஒலியைத் தடுப்பதுபோல் அதைத் தடுப்பதில்லை. ஆகவே கருவியில் விதி மீறல் இல்லை, படுக்கையில் தூக்கம் இல்லை. உள்ளாட்சிகளின் ஒலி விதிகள் இந்த ஓயாத தாழ்ந்த ஒலியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல என்று அந்தச் சட்டமன்ற அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

நான் அம்பத்தூர்க்காரி. தொழிற்பேட்டையின் லேத் சத்தத்திலும் பிரஸ் சத்தத்திலும் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை அது நின்றுபோகும்போது வீடே அகலமானது போலிருக்கும். சத்தத்தைவிட, அது நிற்கும் என்ற நம்பிக்கைதான் எங்களைக் காப்பாற்றியது என்று இந்த ஊருக்கு வந்துதான் உணர்ந்தேன்.

மூன்றாம் நாள் நடக்கப் போனோம். வாஷிங்டன் அண்ட் ஓல்டு டொமினியன் என்ற பழைய ரயில் பாதை, தண்டவாளத்தை எடுத்துவிட்டு 45 மைல் நீள நடைபாதையாக ஆகியிருக்கிறது. ஃபார்ம்வெல் ரயிலடியும் இந்தப் பாதையில்தான் இருந்தது. சைக்கிளில் போகும் முதியவர்கள், நாயோடு நடப்பவர்கள், குழந்தை வண்டி தள்ளும் நம் ஊர்ப் பெண்கள். தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள். ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் பச்சைக் கம்பிவேலிக்குள் அந்தச் சாம்பல் சுவர். ஓரிடத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் மர ஊஞ்சல் கட்டிய வீட்டுத் தோட்டம் இருந்தது. நான் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். அறுபது எட்டுக்குள் சுவர் வந்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்று ஓர் இரவு உணவுக்குப் பிறகு தம்பி காகிதம் வைத்துப் படம் போட்டு விளக்கினான். கிளவுட் மென்பொருளில் வேலை செய்கிறவன் அவன். அந்தப் பெட்டிகளுக்குள் ஓடுவதில் அவன் எழுதியதும் உண்டு.

அமெரிக்காவில் நிலத்தை இன்ன வேலைக்கு இன்ன இடம் என்று பிரிப்பதற்குச் சட்ட பலம் தந்தது 1926-இல் வந்த யூக்ளிட் தீர்ப்பு. ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்துச் சிற்றூர் யூக்ளிட். தொழிற்சாலைப் புகை வீடுகளுக்குள் நுழையக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கவலை. நூறு ஆண்டுகளாக நிலப் பயன்பாட்டு அதிகாரிகள் கேட்டுவந்த கேள்விகளும் அந்தக் கவலையை ஒட்டியவைதான். புகைபோக்கி உண்டா? லாரிகள் எத்தனை வரும்? தெருவில் நெரிசல் ஏற்படுமா? பள்ளியில் புதிதாக எத்தனை பிள்ளைகள் சேரும்? டேட்டா சென்டர் இந்தப் பரீட்சை எல்லாவற்றிலும் முதல் மாணவன். புகைபோக்கி இல்லை, லாரி இல்லை, நெரிசல் இல்லை, பிள்ளைகளே இல்லை. ஆரம்பத்தில் அதற்கென்று தனிச்சொல் கூட விதிப்புத்தகத்தில் இல்லாமல், அலுவலகக் கணக்கில் சேர்ந்து போனது. அலுவலகம் வரலாம் என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் இதுவும் வரலாம் என்றாயிற்று. ஒரு அகராதிச் சிக்கல் மாதிரிதான் தோன்றும். ஆனால் தன் வீட்டுக்குப் பின்னால் ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிற அலுவலகம் வரும் என்று நம்பி வீடு வாங்கியவர், இரவு பகல் பாராமல் ஓடுகிற ஆலைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். மின்வெட்டு வந்தால் ஓடுவதற்கென்று வளாகத்தில் வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள். வெட்டு வராவிட்டாலும் அவற்றை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் ஆணிவேரான சொல் 'பை-ரைட்'. இந்த ஊரில் அதைத் தெரியாத குடும்பத் தலைவர் இல்லை. நிலத்தின் வகைப்பாடு டேட்டா சென்டரை அனுமதித்தால், உயரம், மழைநீர் வடிகால், சாலை வழி ஆகியவை விதிப்படி இருந்தால், அதிகாரி கையெழுத்துப் போட்டாக வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வாக்கெடுப்பு கிடையாது. பக்கத்து வீட்டாருக்கு விஷயம் தெரிவது மரம் வெட்டும் சத்தம் கேட்கும்போதுதான். 2025 மார்ச் 18 அன்று லவுடன் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு இந்த உரிமையை எடுத்துவிட்டது. இனி யார் டேட்டா சென்டர் கட்ட வந்தாலும் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். நிலத்தில் அறிவிப்புப் பலகை நட வேண்டும். பொதுமக்கள் முன்னால் விளக்க வேண்டும். அதன் பிறகு குழு வாக்களிக்கும்.

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான். ஆனா நாம எங்க போய்க் கேக்கறது அக்கா? பதினாலு வருஷமா வரி கட்டறேன். ஓட்டு இல்ல."

அவன் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன். இந்தியர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆஷ்பர்னிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தெருவுக்குத் தெரு தெலுங்கும் தமிழும் கேட்கிறது. வீடு வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் இன்னும் வரிசையில் நிற்கும் பெற்றோர் மேற்பார்வையாளர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச அது வேண்டாம். அங்கே வசிக்கிற எவரும் பேசலாம். அப்படியானால் பை-ரைட் விதி இத்தனை ஆண்டும் பறித்துவைத்திருந்தது இவர்களுக்கு இருந்த ஒரே மேடையை. இதைச் சொன்னேன். தம்பி பதில் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் தயக்கத்துக்கு வேறு காரணமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. இந்தக் கவுண்டியின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டேட்டா சென்டர்களிடமிருந்து வருகிறது. உள்ளே இருக்கும் கணினிகளுக்கே ஆண்டுதோறும் வரி உண்டு. 2012-இல் வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 1.235 டாலர் என்றிருந்த சொத்துவரி 2025-இல் 0.805 டாலராக இறங்கியிருக்கிறது. 7 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு, பழைய விகிதம் இன்றும் இருந்தால், ஆண்டுக்கு 3,010 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். புதுப் பள்ளிக்கூடங்கள், நூலகம், பூங்கா எல்லாம் தம்பி மகள் அனுபவிப்பவை. எதிர்ப்பவர்கள் இந்தப் பணத்தைப் பற்றிப் பேசாமல் நழுவுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் வரிச்சலுகை கவுண்டி முழுவதற்கும் பரவலாக வருகிறது. சத்தம் வேலியோரத்துச் சில நூறு வீடுகளுக்கு மட்டும் வருகிறது. எல்லோருக்கும் வரும் லாபத்தைக் காட்டிச் சிலருடைய தூக்கத்தை எடுத்துக்கொள்ளும் முன், அந்தச் சிலரைக் கூப்பிட்டுக் கேட்பதுகூடச் சுமையா?

மெட்ரோவில் கிழக்கே போனால் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி. அவர்கள் 2024 செப்டம்பர் 10 அன்றே விதியை மாற்றினார்கள். குடியிருப்பு மனையின் எல்லையிலிருந்து டேட்டா சென்டர் கட்டடம் குறைந்தது 200 அடி தள்ளி இருக்க வேண்டும். இயந்திரங்கள் 500 அடி தள்ளி, அல்லது கட்டடமே நடுவில் மறைப்பாக நிற்கும்படி வைக்க வேண்டும். கட்டும் முன்பும் கட்டிய பின்பும் ஒலி ஆய்வு. மெட்ரோ நிலைய வாசலிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் சிறப்பு அனுமதி. கட்டடத்துக்கு ஒரு தூரம், இயந்திரத்துக்கு வேறு தூரம் என்று பிரித்தவர் யாரோ, அவர் நிச்சயம் ஓர் இரவாவது வெளியே நின்று கேட்டிருக்க வேண்டும். சுவர் சத்தம் போடுவதில்லை. விசிறிதான் போடுகிறது. செட்பேக் என்றால் சுவரிலிருந்து அளப்பது என்று பழகிய கைகளுக்கு இது பெரிய மாற்றம்.

இன்னொன்று எந்தக் கவுண்டியின் வரைபடத்துக்கும் கட்டுப்படாதது. மின்கம்பி. 2022 கோடையில் இந்தப் பகுதிக்கு மின்சாரம் தரும் டொமினியன் நிறுவனம், கிழக்கு லவுடனில் புதிய டேட்டா சென்டர்களுக்குப் போதிய மின்சாரம் கொண்டுவரக் கம்பித்தடம் இல்லை என்று அறிவித்தது. அதிலிருந்து புதிய உயர் அழுத்தத் தடங்களுக்கான திட்டங்கள் வரிசையாக வருகின்றன. கோல்டன், மார்ஸ் என்று துணைமின் நிலையங்களுக்குப் பெயர். அவற்றை இணைக்கும் தடம் லவுடன் வேலி எஸ்டேட்ஸ் குடியிருப்பை ஒட்டிப் போகும் என்று தெரிந்ததும், நம் ஊர்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் அந்த இடத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கம்பி எங்கே போகலாம் என்று முடிவு செய்வது மாநில ஆணையம். டேட்டா சென்டரை வீட்டிலிருந்து 500 அடி தள்ளி வைக்கலாம். அதற்குச் சோறு போடுகிற கம்பி எந்த வீட்டுக் கொல்லைப்புறமாகவும் வரும்.

ஆறாம் நாள் மனாசஸ் போனோம். காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். பிரின்ஸ் வில்லியம் கவுண்டி. உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று இங்கே புல் ரன் ஓடைக்கரையில் நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இரண்டாவது சண்டை. காயம்பட்டவர்களைக் கிடத்திய கல் வீடு சாலையோரம் அப்படியே நிற்கிறது. ஹென்றி குன்றில் பீரங்கிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். புல் முழங்கால் உயரம். காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. ஆறு நாளைக்குப் பிறகு என் காதுக்கு ஓய்வு கிடைத்தது. தம்பியும் அதை உணர்ந்தான் போலும். வழக்கமாகப் பேசிக்கொண்டே நடப்பவன் அன்று பேசாமல் நடந்தான்.

இந்த நிலத்துக்குச் சோதனைகள் புதிதல்ல. 1988-இல் பக்கத்து மேட்டில் வணிக வளாகம் வரவிருந்தபோது அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டு 542 ஏக்கரை எடுத்துப் போர்க்களப் பூங்காவில் சேர்த்தது. 1993-இல் டிஸ்னி நிறுவனம் சில மைல் தள்ளி ஹேமார்க்கெட்டில் வரலாற்றுக் கேளிக்கைப் பூங்கா கட்டப்போவதாகச் சொன்னது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, 1994 செப்டம்பரில் கைவிட்டது. அடுத்து வந்தது டிஜிட்டல் கேட்வே திட்டம். பூங்காவின் மேற்கு ஓரம் போகும் பேஜ்லாந்து லேன் நெடுகிலும் 2,100 ஏக்கருக்கு மேல், 37 டேட்டா சென்டர்கள்.

அந்தச் சாலையில் மெதுவாக ஓட்டிப்போனோம். குதிரை லாயம், வைக்கோல் உருளைகள், தாழ்வான வீடுகள், நடுவே மின்கோபுரங்கள். இந்த இடத்தில் கதை நான் எதிர்பார்த்தபடி இல்லை. திட்டத்தை முதலில் கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்த பணக்காரர்கள் அல்லர். நிலத்தின் சொந்தக்காரர்களேதான். ஏற்கெனவே எங்கள் வயல் மேல் உயர் அழுத்தக் கம்பி போட்டாயிற்று, இனி இது கிராமம் என்று சொல்வதில் என்ன அர்த்தம், எங்களை விற்றுப் போக விடுங்கள் என்றார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நாற்பது வருடம் ஒரே நிலத்தில் உழைத்தவருக்கு, விற்காதே, உன் வயல் எங்கள் கண்ணுக்கு அழகு என்று அடுத்த குடியிருப்பிலிருந்து சொல்வது எளிது. ஆனால் ஒருவர் விற்பதால் பக்கத்தில் இருக்கப்போகிறவரின் இரவு மாறுகிறதே. நிலப் பயன்பாட்டு விதி என்பதே அந்த இருவருக்கும் நடுவில் நிற்பதற்குத்தானே வந்தது.

2023 டிசம்பர் 12 அன்று காலை கருத்துக்கேட்புக் கூட்டம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் பேசினார்கள். இரவு முழுக்க நடந்து மறுநாள் பகலில்தான் முடிந்தது. 27 மணி நேரம். குழு 4-க்கு 3 என்ற கணக்கில் நிலவகை மாற்றத்தை நிறைவேற்றியது. தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் பதவியேற்கச் சில வாரமே இருந்த பழைய குழு அது. குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த முடிவையே செல்லாது என்று அறிவித்தார். காரணம் போர்க்களம் அல்ல, சத்தம் அல்ல, மின்சாரம் அல்ல. கூட்டம் பற்றிய பத்திரிகை அறிவிப்பைச் சட்டம் சொன்ன முறைப்படி வெளியிடவில்லை. எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.

இவ்வளவு பெரிய திட்டத்தை ஒரு விளம்பரப் பிழை சாய்ப்பதா என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. இன்ன இடத்தில் இன்னது வரப்போகிறது, இன்ன தேதியில் பேச வா என்று ஊராருக்குச் சொல்வது சடங்கு அல்ல. 27 மணி நேரம் காதுகொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் குழு, வரவேண்டியவர்களை முறையாக அழைத்திருக்க வேண்டும். வீட்டுக் கல்யாணத்துக்கே பத்திரிகை வைக்காமல் போனால் உறவு முறிகிறது. 2,100 ஏக்கருக்கு?

திரும்பும் வழியில் மனாசஸுக்கு அருகே கிரேட் ஓக் என்ற குடியிருப்பின் ஓரமாக நிறுத்தினோம். 2022-இல் இந்தப் பகுதியின் ஒலி விவகாரம் பத்திரிகைகளில் வந்தது. வேலிக்கு அப்பாலிருந்த டேட்டா சென்டர்களின் முனகலால் படுக்கையறையை விட்டு அடித்தளத்துக்குத் தூங்கப் போனவர்கள் இருந்தார்கள். கவுண்டியின் ஒலி விதியோ குளிரூட்டும் இயந்திரங்களுக்கு விலக்குத் தந்திருந்தது. வீட்டு ஏ.சி.க்காக எழுதிய சலுகை, மலையளவு இயந்திரத்துக்கும் பொருந்திப்போனது. மக்கள் சேர்ந்து கத்திய பிறகு விசிறிகளுக்கு ஒலித்தடுப்பு உறை போட்டார்கள். கட்டும்போதே போட்டிருக்கலாம். யாராவது கேட்டிருந்தால் போட்டிருப்பார்கள். தம்பி மகள் கைப்பேசியை நீட்டி அளந்தாள், நோட்டில் எழுதினாள், அது எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை.

அம்பத்தூரை நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிற்பேட்டையிலும் லேத் பட்டறைகள் இருந்த இடங்களில் டேட்டா சென்டர்கள் எழுந்துவிட்டன. சிறுசேரியிலும் எழுகின்றன. தமிழ்நாட்டு அரசு 2021-இல் டேட்டா சென்டர் கொள்கையே வெளியிட்டது. நம் நாட்டு ஒலி மாசு விதி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று வரையறுக்கிறது. அதுவும் ஏ-எடைத் தராசுதான்.

ஒன்பதாம் இரவு எனக்கும் பழகிவிட்டது. படுத்த உடனே தூங்கிப்போனேன். காலையில் அதை நினைத்தபோது வருத்தமாக இருந்தது.

விமான நிலையத்துக்கு இந்த முறை காரில்தான் கிளம்பினோம், பெட்டிகள் கூடிவிட்டன. வாக்ஸ்பூல் சாலையைத் தாண்டியதும் ஒரு காலி நிலம். பாதிக் காடு, பாதிப் புல். ஓரத்தில் மரக்காலில் அறைந்த ஓர் அறிவிப்புப் பலகை. எத்தனையோ தடவை இதைக் கடந்து போயிருப்பான். அன்று தம்பி வண்டியை ஓரங்கட்டினான். இறங்கிப் போய்ப் பலகைக்கு முன்னால் நின்று படித்தான். திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியில் தேதியைக் குறித்தான். பிறகு கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்து மகளிடம் சொன்னான்.

"அந்த 63 ஹெர்ட்ஸ் கணக்கு இருக்கே, அதை எனக்கு ஒரு பக்கத்துல எழுதிக் கொடும்மா."